சிவப்பு முக்கோணத்தின் காலம்

அறுபதுகளின் கடைசியில் தமிழ்நாட்டில் சிறுபிள்ளையாகத் திரிந்த யாருக்கும் குடும்பக் கட்டுப்பாட்டின் அந்தச் சிவப்பு முக்கோணம் மறந்திருக்காது. தலைகீழாக நிற்கும், பக்கத்தில் அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண் என்று நான்கு முகங்கள், கீழே ‘நாமிருவர் நமக்கிருவர்’. பஸ் ஸ்டாண்டில், சுகாதார நிலையத்தின் மதிலில், டூரிங் கொட்டகையில் படம் போடுமுன் காட்டும் ஸ்லைடில் என்று எங்கே திரும்பினாலும் அதுதான். கும்பகோணத்தை ஒட்டிய எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்து வெளிச்சுவரில் ஆளுயரத்துக்கு வரைந்திருந்தார்கள். கண்ணாமூச்சிக்கு அதுதான் எங்கள் தாச்சி. முக்கோணத்தில் நெற்றியை வைத்து நூறு எண்ணிவிட்டுத் திரும்பினால், தேடிப் பிடிக்க இருபது பேராவது ஒளிந்திருப்பார்கள்; அதில் பாதிப் பேர் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள்.

வீட்டில் நாங்கள் எட்டுப் பேர், பெரியப்பாவின் பிள்ளைகள் ஐந்து பேர். ராத்திரியில் பாட்டி எல்லோரையும் முற்றத்தில் வட்டமாக உட்கார வைத்து, பெரிய கற்சட்டியில் சோற்றைப் போட்டு வற்றல் குழம்பு ஊற்றிப் பிசைந்து, நீட்டிய கைகளில் வரிசையாக உருட்டி வைத்துக்கொண்டே வருவாள். கட்டைவிரலால் உருண்டையின் நடுவில் ஒரு குழி செய்துகொள்ள வேண்டும்; அதில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விழும். சட்டியின் அடியை வழித்து உருட்டும் கடைசி உருண்டையில்தான் ருசியெல்லாம் இறங்கியிருக்கும் என்பதால் அதற்கு நடக்கும் சண்டை தெருவுக்கே கேட்கும். தீபாவளிக்கு ஒரே பீஸில் எல்லாப் பையன்களுக்கும் சட்டை. ‘வளர்ற பிள்ளை’ என்று இரண்டங்குலம் கூட்டித் தைப்பார்கள். பெரியண்ணன் உடம்பில் தொடங்கும் சட்டை, கடைக்குட்டியிடம் வந்து சேரும்போது காலர் திருப்பித் தைக்கப்பட்டிருக்கும். என் பாடப்புத்தகங்களின் முதல் பக்கத்தில் அடித்த பெயர்களுக்குக் கீழேதான் என் பெயர் இருக்கும். ஓரங்களில் அண்ணன் எழுதி வைத்த குறிப்புகளைப் படித்தே பாதிப் பாடம் எனக்கு விளங்கியது. உங்கள் வீட்டிலும் இப்படித்தானே?

அந்த வயதில்தான் ‘மக்கள் தொகைப் பெருக்கம்’ என்ற கட்டுரையை முன்னுரை, காரணங்கள், தீமைகள், தடுக்கும் வழிகள், முடிவுரை என்று வகுப்பு வகுப்பாக எழுதிக்கொண்டிருந்தோம். எட்டில் ஐந்தாவதாகப் பிறந்த நான் அதை முழு மனதோடு எழுதினேன், ஏனென்றால் பயம் ஊரெல்லாம் இருந்தது. 1965-66இல் மழை பொய்த்து, அமெரிக்கக் கோதுமைக் கப்பலை நாடே எதிர்பார்த்திருந்த காலம் அது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி 1967 தேர்தல் மேடைகளில் அப்படி எடுபட்டதற்குக் காரணம், வீடுகளில் நிஜமாகவே உலை காய்ந்ததுதான். மறு வருஷமே ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து உயிரியலாளர் பால் எர்லிக், டெல்லியின் ஜன நெரிசலில் டாக்ஸியில் போன ஓர் இரவில் தொடங்கி, ‘தி பாப்புலேஷன் பாம்’ என்ற புத்தகத்தை எழுதினார். எழுபதுகளில் கோடிக்கணக்கானவர்கள் பட்டினியால் சாவார்கள் என்பது அவர் கணிப்பு. அவர் சொன்ன அளவில் அது நடக்கவில்லை. எங்கள் டெல்டாவுக்கு ஏடிடீ 27, ஐஆர் 8 என்று அதிக விளைச்சல் ரக நெல் வந்தது. யூரியா வந்தது, பம்ப்செட் வந்தது. 1951இல் 36 கோடியாக இருந்த நாடு இன்று 140 கோடியைத் தாண்டியும் கிடங்குகளில் அரிசி இருக்கிறது. தலையை மட்டும் எண்ணுகிறவர்கள் கையை எண்ண மறந்துவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

ஆனால் அந்த நிறைந்த வீட்டுக்காக ஏங்கும்போதெல்லாம் அம்மாவின் முகம் குறுக்கே வந்து நிற்கும். அம்மாவுக்குப் பதினோரு பிரசவம், தங்கியது எட்டு. ஒரு குழந்தை பிறந்த ஏழாம் நாள் ஜன்னி கண்டு போனது, இரண்டு பேதியில் போயின. போகிறதும் உண்டு என்பதால்தான் அத்தனை பெற்றார்கள் என்பதை எங்கள் கட்டுரைகளில் யாரும் ‘காரணங்கள்’ பகுதியில் எழுதச் சொல்லித் தரவில்லை. கடைசித் தங்கை பிறந்த பிறகு, சைக்கிளில் வரும் நர்சம்மாவோடு போய் ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று அம்மா சொன்னபோது அப்பா தயங்கினார். ஊர் வழக்கப்படி எதிர்ப்பு பாட்டியிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் பாட்டிதான் எழுந்து வந்தாள். “போதும்டா. அவ உடம்பு என்ன உரலா?” என்றாள். மறுநாள் காலை வண்டி கட்டியாயிற்று.

1951 கணக்கெடுப்பை நடத்திவிட்டுச் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளராக வந்த ஆர்.ஏ. கோபாலசுவாமி, அம்மாவைப் போன்ற பெண்களுக்கு அல்ல, ஆண்களுக்குத்தான் முதலில் வலை வீசினார். கருத்தடை செய்துகொண்டால் 30 ரூபாய் கொடுத்தார்கள். நெருக்கடி நிலைக் காலத்தின் கட்டாயத்துக்குப் பிறகு ஆண்கள் விலகிக்கொண்டார்கள். அதன் பின் கருத்தடை முகாம்களின் இலக்கெல்லாம் பெண்களின் வயிற்றில்தான் விழுந்தது. இன்றும் தமிழ்நாட்டில் பிள்ளை பெறும் வயதுள்ள மணமான பெண்களில் பாதிக்கு மேல் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பிறப்பு குறைந்ததற்கு முகாம் மட்டுமே காரணமும் அல்ல. தடுப்பூசி வந்தது, குழந்தை பிழைத்தது, 1982க்குப் பிறகு கிராமத்துக்குக் கிராமம் சத்துணவு வந்தது, என் தங்கைகள் பஸ் ஏறி உயர்நிலைப் பள்ளிக்குப் போனார்கள். 1971இல் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ நான்கு குழந்தை என்றிருந்த சராசரி, 2020இல் 1.4க்கு வந்துவிட்டது.

இப்போது ஊருக்குப் போனால், நாங்கள் எழுபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்த வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். அந்த மதிலில் ‘உங்கள் குழந்தைகளை அரசுப் பள்ளியில் சேருங்கள்’ என்று எழுதியிருக்கிறது. அதற்கு மேல் ஒரு கருத்தரிப்பு மையத்தின் விளம்பரம். நர்சம்மா வந்த தெருவில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவருகிறார். தமிழ்நாட்டில் 2011இல் நூற்றுக்குப் பத்தாக இருந்த அறுபது வயதைத் தாண்டியவர்கள் 2031இல் பதினெட்டு ஆவார்கள் என்று கணக்கு. நாற்று நட மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். பேத்திக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் இல்லை. மருமகள் ஒரே பெண். கடைசியில் அவளோடு வேலை பார்க்கும் ஒரு பையன், வேஷ்டியைக் கையால் பிடித்துக்கொண்டே வந்து மணையில் உட்கார்ந்தான். குழந்தை அவன் சட்டையைப் பற்றிக்கொண்டு வீறிட்டபோது அவனும் அழுதுவிட்டான். எனக்கு அவனை மிகவும் பிடித்துப்போயிற்று.

நெரிசல் பிரச்சினையே இல்லையா என்றால், இருக்கிறது. 2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களிடம் போய் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் பதின்மூன்று பிள்ளைகள் வளர்ந்த எங்கள் வீட்டில் கூடத்துக்கு ஒரு பல்பு, கொல்லைக்கு ஒன்று. குப்பை என்று வெளியே போனது சாம்பலும் வாழையிலையும்தான். இன்று அதே குடும்பத்தில் மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு மூன்று ஏசி, இரண்டு கார். பூமி தாங்குமா என்று கேட்பவர்கள் எத்தனை பேர் என்பதோடு, ஒவ்வொருவரும் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

காற்று இப்போது எதிர்ப்பக்கம் அடிக்கிறது. 1961 கணக்கெடுப்பின்படி நம் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39ஆகக் குறைந்ததை மறக்காதவர்கள், தொகுதி மறுவரையறை வந்தால் இன்னும் குறையுமோ என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. 2024 அக்டோபரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், நிலைமை பதினாறு பிள்ளை பெறலாம் என்று எண்ணும் அளவுக்குப் போகிறது என்று ஒரு திருமண மேடையில் பேசினார். இரண்டுக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக்கூடாது என்ற விதியை ஆந்திரம் அதே வருஷம் நீக்கியது. அன்று சுவர் சொன்னது, இன்று மேடை சொல்கிறது. இரண்டு தடவையும் பெறப்போகிறவளை யாரும் கேட்கவில்லை.

மருமகளிடம் நான் கேட்டேன், இன்னொன்று வேண்டாமா என்று அல்ல, என்ன இருந்தால் வேண்டும் என்று தோன்றும் என்று. யோசிக்காமல் சொன்னாள்: “ஆபீஸ் பக்கத்துல நம்பி விட்டுட்டுப் போற மாதிரி ஒரு குழந்தைக் காப்பகம் மாமா. அப்புறம், லீவு முடிஞ்சு போனா என் வேலை எனக்கு இருக்கணும்.” சட்டம் முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் தருகிறது, மூன்றாவதுக்கு 12 வாரம்தான். மறுமணம் செய்துகொண்ட ஒரு தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை, ஏற்கெனவே இரண்டு குழந்தை இருப்பதால் பேறுகால விடுப்பு கிடையாது என்று மறுக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 மே மாதம்தான் அதைப் பெற்றார். மதிலில் அழிந்த முக்கோணம் விடுப்பு விதிகளில் இன்னும் அழியவில்லை. மேடையில் பிள்ளை பெறச் சொல்கிறவர்கள் முதலில் அந்த விதியை எடுக்கட்டும், காப்பகத்தைக் கட்டட்டும். மருமகள் இன்னொன்று பெறுவதும் பெறாததும் அவள் பாடு.