எட்டு போல்ட்டும் ஒரு பிரமாணபத்திரமும்

(சமையல் எரிவாயுவைச் சிலிண்டரில் நிரப்பும் ஆலையொன்றின் பம்ப் அறை. ஆலை முதலாளி பத்திரங்களின் பரம பக்தர். அவரைக் காண வந்திருக்கும் மின் பரிசோதகரோ, ஸ்பானரும் சந்தேகமும் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பாத பிரகிருதி.)

முதலாளி: வாருங்கள் ஐயா! இந்த ஸ்விட்ச் பெட்டி, சாதாரணப் பெட்டியைவிடப் பல மடங்கு கிரயம் கொடுத்து வாங்கிய ஃபிளேம்ப்ரூஃப் சரக்கு. இதன் பிரமாணபத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சந்தனம் குங்குமம் இட்டு, ஆபீஸ் அறையில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

பரிசோதகர்: தரிசனம் செய்துவிட்டுத்தான் வருகிறேன். மூடியில் எட்டு போல்ட் இருக்கவேண்டிய இடத்தில் மூன்றுதான் தென்படுகின்றன. மற்ற ஐந்தும் எந்த க்ஷேத்திரத்துக்கு யாத்திரை போயின?

முதலாளி: எட்டையும் கழற்றி மாட்டுவதில் வேலை தாமதப்படுகிறதென்று எலக்ட்ரீஷியன் செய்துகொண்ட சௌகரியம். மழைத்துளிகூடப் புகாத பெட்டிக்குள் வாயு எப்படிப் புகும்?

பரிசோதகர்: புகத்தான் புகும், புகாதென்று பெட்டியைச் செய்தவனே சொல்லவில்லை. உள்ளே புகுந்த வாயு ஸ்விட்சின் பொறியில் பற்றி வெடித்தாலும், அந்த வெடிப்பை உடையாமல் தாங்கி, மூடிக்கும் விளிம்புக்கும் நடுவேயுள்ள மயிரிழை இடுக்கு வழியாக வெளியேறும் ஜ்வாலையைக் குளிர்வித்து, வெளியிலுள்ள வாயு பற்றாதபடி காப்பதே இதன் தர்மம். போல்ட் குறைந்தால் மூடி தூக்கிக்கொள்ளும், இடுக்கு வாசலாகிவிடும். போதாததற்கு, உபயோகமற்ற கேபிள் துவாரத்தில் யாரோ பழைய வேஷ்டித் துணியைத் திணித்திருக்கிறார்களே!

முதலாளி: துவைத்த வேஷ்டி ஐயா! தவிர, இங்கே கசிவென்பதே கிடையாது.

பரிசோதகர்: காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும் வஸ்து அது; காற்றைவிடக் கனமானதால், உங்கள் காலடியிலிருக்கும் கேபிள் பள்ளத்தில் சுகமாகப் படுத்திருக்கும்.

முதலாளி (இரண்டடி விலகி): இதற்கெல்லாம் திருஷ்டாந்தம் உண்டோ?

பரிசோதகர்: 1913 அக்டோபர் 14-ஆம் தேதி, வேல்ஸ் தேசத்துச் சென்ஹெனித் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர் மாண்டார்கள், மீட்கப் போனவர் ஒருவரும் மாண்டார். சைகை மணியின் மின்கம்பியில் தெறித்த பொறியே காரணமாயிருக்கலாமென்ற சந்தேகம் எழுந்தது. பொறி தெறித்தாலும் வாயுவைப் பற்றவைக்கும் சக்தி அதற்கு இராதபடி மின்சாரத்தை அளந்து விடும் முறை, அதையொட்டி நடந்த ஆராய்ச்சிகளில் பிறந்ததுதான்.

முதலாளி: பரிதாபம், பரிதாபம்! அபராதம் எவ்வளவு விதித்தார்கள்?

பரிசோதகர்: சுரங்கச் சட்டத்தை மீறிய குற்றங்களுக்காக மானேஜருக்கு 24 பவுன், கம்பெனிக்கு 10 பவுன்.

முதலாளி (வெகுநேரம் விரல்விட்டு எண்ணிப் பார்த்து): இது தெரியாமல் இந்தப் பெட்டியில் பணத்தைக் கொட்டினேனே! அந்த மானேஜருக்காக வாதாடிய வக்கீலின் வாரிசுகள் யாராவது இன்னும் தொழில் நடத்துகிறார்களா, ஐயா?