பத்தில் எத்தனை?

முழங்கால் இன்னும் வலிக்கிறது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது முழங்காலைப் பற்றி அல்ல. அந்தப் புளியோதரை டப்பாவைப் பற்றி. அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம், சொல்லிவிட்டு வருகிறேன்.

சனிக்கிழமை குடும்பத்தோடு சில்வர் ஃபால்ஸ் பூங்காவுக்குப் போய்விட்டு வந்தோம். ஞாயிறு காலை இந்தியக் கடையில் வாடாத கறிவேப்பிலைக்காகக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு நண்பர், "எத்தனை பாத்தீங்க?" என்றார். எங்கே, எதை என்று கேட்கவில்லை. ஓரிகனில் ஆகஸ்ட் மாதம் ஒரு தமிழன் நொண்டிக்கொண்டு நின்றால் இடம் கேட்கத் தேவையில்லை.

"ஏழு" என்றேன்.

"அடடா. பத்தும் பாக்கலையா?"

துஷ்டி கேட்க வந்தவர் குரல். அவர் பத்தும் முடித்துவிட்டாராம். நாலு மணி நேரம் பத்து நிமிஷமாம். கைக்கடிகாரத்தில் பதிவாகியிருக்கிறதாம். காட்டினார். காய்கறிப் பகுதியில், ஒரு கையில் முருங்கைக்காயோடு, காட்டினார்.

நம் ஆட்கள் யாரும் அருவி பார்க்கப் போவதில்லை, எண்ணப் போகிறார்கள். பூங்காக்காரர்கள் மேலும் தப்பு இருக்கிறது. 7.2 மைல் பாதைக்கு வேறு பெயரா கிடைக்கவில்லை? 'பத்து அருவிப் பாதை' என்று பெயர் வைத்தால், மார்க் வாங்கி வளர்ந்த ஜாதி நாம், சும்மா நடந்துவிட்டு வருவோமா?

முதலாவது சவுத் ஃபால்ஸ். அதைக் குறை சொல்ல மாட்டேன். 177 அடி உயரத்திலிருந்து விழுகிறது. பாறைக் குடைவு வழியாக அருவிக்குப் பின்னாலேயே நடந்து போகலாம். உள்ளே நின்றால் முன்னால் தண்ணீர்த் திரை, தலைக்கு மேல் பாறை, முகமெல்லாம் சாரல். அங்கேயே ஒரு பாயை விரித்துப் படுத்திருக்கலாம். 1928-இல் அல் ஃபாசெட் என்கிற ஆசாமி, படகில் உட்கார்ந்து இந்த அருவியின் உச்சியிலிருந்து கீழே விழுந்தார். அடிபட்டாலும் பிழைத்துக்கொண்டார். அவரிடம் யாராவது போய், "அடடா, ஒண்ணுதானா?" என்று கேட்டிருப்பார்களா?

திரும்பி வரும்போது காரில் ஆரம்பித்தது தகராறு. நான் ஏழு என்றேன். மனைவி எட்டு என்றாள். மகள் மூன்று என்றாள். பையன் பத்து என்றான். நாலு பேரும் ஒரே பாதையில்தான் நடந்தோம்.

மகளின் கணக்கு எளிது. பின்பக்கம் நடந்து போக முடிந்ததுதான் அருவி, மற்றதெல்லாம் வெறும் தண்ணீர். சவுத், லோயர் சவுத், மிடில் நார்த், ஆக மூன்று. நார்த்துக்குப் பின்னாலும் வழி உண்டு. அதற்குள் அவள் அலைபேசி செத்துவிட்டதால் அது கணக்கில் வராது.

எனக்கும் மனைவிக்கும் தகராறு டபுள் ஃபால்ஸில். அது பிரதான பாதையில் இல்லை, ஒரு சின்னக் கிளைப்பாதையில் இருக்கிறது. "நீங்க போய்ட்டு வாங்க, நான் பையைப் பாத்துக்கிறேன்" என்று ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். பூங்காவிலேயே உயரமானது அதுதானாம். 178 அடி. நான் வாயைப் பிளந்து பார்த்த சவுத் ஃபால்ஸைவிட ஒரே ஒரு அடி கூடுதல். அந்த ஒரு அடியை இரண்டு நாளாகச் சொல்லிக்காட்டுகிறாள்.

பதிலுக்கு அவள் டிரேக் ஃபால்ஸை ஒத்துக்கொள்ளவில்லை. 27 அடி. "எங்க வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிஞ்சா இதைவிட நல்லா விழும்ங்க" என்கிறாள். ஜூன் டிரேக் என்ற புகைப்படக்காரர், இந்த இடத்தைப் பூங்காவாக்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் படம்படமாக எடுத்துக் காட்டிப் போராடினார். 1933-இல் பூங்கா வந்தது. பத்திலேயே குட்டையானதைப் பார்த்து அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த மனுஷனுக்காகவாவது ஒரு மார்க் போடக்கூடாதா என்றேன். "போட முடியாது" என்றாள்.

அவள் எட்டுக்கு எப்படி வந்தாள்? வின்டர் ஃபால்ஸைச் சேர்த்துக்கொண்டாள். பெயரிலேயே சொல்லிவிட்டார்கள், குளிர்காலத்து அருவி என்று. ஆகஸ்டில் அங்கே நனைந்த பாறைதான் இருந்தது. "இடத்தைப் பாத்தோம்ல?" என்கிறாள். இடத்தைப் பார்த்தால் போதுமென்றால் பத்தையும் வரைபடத்தில் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்திருப்பேனே!

இவ்வளவு நேரம் பேசாமல் இருந்த பையன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "டபுள்னா ரெண்டுதானேப்பா? ட்வின்னா ரெண்டுதானே?" என்றான். பாறை நடுவில் நின்று தண்ணீரை இரண்டாகப் பிரிக்கிற ட்வின் ஃபால்ஸ் இரண்டு, டபுள் இரண்டு, டிரேக் உண்டு, வின்டர் கிடையாது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பத்து! பெருமையில் நெடுஞ்சாலையின் திருப்பத்தைத் தவறவிட்டேன்.

ஆனால் அது நேர்மையான பத்து இல்லை. அப்பர் நார்த் ஃபால்ஸ் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, தனிப்பாதை. அதன் பெயர்ப்பலகை முன்னால் நாங்கள் நாலு பேரும் ஒரு நிமிஷம் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பயணத்தில் குடும்பம் ஒருமனதாக எடுத்த ஒரே முடிவு அதுதான்.

நான் திருநெல்வேலிக்காரன். குற்றாலத்து ஐந்தருவிக்கு எத்தனை தடவை போயிருப்பேன்! தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டு, துண்டைக் கட்டிக்கொண்டு, கூட்டத்தில் இடித்துக்கொண்டு உள்ளே போனால், தண்ணீர் முதுகில் அறைகிற அறையில் நம் பெயரே மறந்துபோகும். தண்ணீர் குறைந்த வருஷம் மூன்றுதான் விழும். வெள்ளம் வந்தால் ஐந்தும் ஒன்றாகிவிடும். அதைப் பிடித்துக்கொண்டு யாரும் யாரிடமும் எத்தனை என்று கேட்டதில்லை. "தண்ணி நல்லா விழுதா?" என்றுதான் கேட்பார்கள்.

இதையெல்லாம் கறிவேப்பிலைக் கடையில் நண்பரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் என்ன சொன்னேன் என்றால், "பசங்க கணக்கில பாத்தா பத்துங்க" என்றேன். அவர் நம்பவில்லை. "அப்பர் நார்த் பாத்தீங்களா?" என்று நேராக அங்கேயே கை வைத்தார். ஆகாதவன் கண்ணுக்கு அதுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் நாட்காட்டியைப் பார்த்தாள்.

"ரோட்டோரம்தானே இருக்கு? வர்ற சனிக்கிழமை அதை மட்டும் முடிச்சிட்டு வந்துடலாம். வின்டருக்கு டிசம்பர்ல போலாம்."

புளிக்காய்ச்சல் மிச்சம் இருக்கிறதாம். டப்பாவையும் கழுவி வைத்துவிட்டாள். மூடிதான் இன்னும் கிடைக்கவில்லை.