போனில ரோச் இருக்குத்தானே?

கேள்வி போன ஞாயிறு மத்தியானம், பார்க்கிங் என்னும் லண்டன் புறநகரில், நண்டுக்கறிக்கு இரண்டாம் தரம் சோறு போடும்போது வந்தது. கேட்டவர் மச்சான். "போனில ரோச் இருக்குத்தானே, பிறகென்னத்துக்கு இது?" இக்கட்டுரைக்காரர் அப்போது கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தது, மூன்று வாரத் தூக்கத்தைக் கெடுத்துத் தேர்ந்தெடுத்த கொன்வோய் எஸ்2 பிளஸ். எல்.ஈ.டி. இல்லை, அதற்கு மின்சாரம் அளந்துவிடும் டிரைவர் இல்லை, பற்றறி இல்லை. வெறும் அலுமினியக் குழாய். எரியாத ரோச்சை வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்கு என்ன மறுமொழி சொல்வது? கேள்வியில் நியாயம் இருந்ததுதான் இவருக்கு இன்னும் ஆறவில்லை.

கழற்றிப் பூட்டுவதற்கென்றே ஒரு ரோச் வாங்குவதாக இருந்தால் எதை வாங்குவது என்று சொல்லத்தான் இக்கட்டுரை தொடங்கப்பட்டது. அதற்கு வருவோம்.

முதலில் உடம்பு. அலுமினியம் மலிவு, கைக்கும் இலகு. தாமிரம் சூட்டை அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கடத்தும். எடையோ மூன்று மடங்குக்கு மேல், பொக்கெற்றில் போட்டால் காற்சட்டை இறங்கும். டைட்டானியம் சூடு கடத்துவதில் படுமந்தம், ஆனால் வடிவு; கலியாணச் சந்தையில் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் கிராக்கி. பற்றறியில் பெரிய யோசனை இல்லை, 18650. பதினெட்டு மில்லிமீற்றர் அகலம், அறுபத்தைந்து மில்லிமீற்றர் நீளம். இவருக்கு மனைவியின் பிறந்தநாள் மறந்தாலும் இந்த எண் மறப்பதில்லை.

பிறகு நிறம். இங்கேதான் மனிதர் கெடுகிறார்.

வெள்ளை வெளிச்சம் என்றால் எந்த வெள்ளை? 6500 கெல்வின் என்றால் ஆஸ்பத்திரி. 2700 என்றால் பழைய குண்டு பல்ப். 5000 நண்பகல். 4000 இரண்டுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்தாரிடமும் ஏச்சு வாங்கும். அதே 4000இலும் ஒன்றில் லேசாகப் பச்சை தட்டும், இன்னொன்றில் லேசாக ரோஸ். பச்சை தட்டினால் ஆகாது. ஏன் ஆகாது என்று கேட்பவர் இன்னும் அந்தப் பச்சையைப் பார்க்கவில்லை; ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு குளிர்பெட்டிக்குள்ளும் அதுதான் தெரியும். இதைச் சரிபார்க்க வெள்ளைச் சுவர் வேண்டும். லண்டனில் வாடகை வீட்டில் வெள்ளைச் சுவருக்கு எங்கே போவது? வீட்டுக்காரர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் அடிப்பது மக்னோலியா. வெள்ளை என்று சொல்லவும் முடியாது, மஞ்சள் என்று முறையிடவும் முடியாது. அதன்மேல் எந்த ரோச்சை அடித்தாலும் பழைய நெய்போல் இருக்கும். எனவே இரவு பதினொரு மணிக்கு இவர் ஏ4 தாளில் அடித்துப் பார்த்தார். தாளில் நீலச்சாயம் கலந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தது. இடியப்பத்தில் அடித்தார், அது சிவப்பு மா. கோதுமைமாப் புட்டில் அடித்தார். தேங்காய்ப்பூ உள்ள இடம் ஒரு வெள்ளை, இல்லாத இடம் இன்னொரு வெள்ளை. கடைசியில் உப்பு. உப்பில் அடித்துக்கொண்டிருந்தபோது சமையலறை லைற்றைப் போட்டவர் மனைவி. "இஞ்சாருங்கோ, படுக்கேல்லையோ?" என்று மட்டும் கேட்டார். அந்த நிதானம்தான் பயமாக இருந்தது.

வெள்ளையோடு விட்டிருக்கலாம், சிவப்பு இருக்கிறதே. பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஒரு மதிப்பெண். நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு என்று பெட்டியில் பெருமையாக அச்சடிப்பார்கள். ஆனால் அது மங்கலான எட்டு நிறங்களின் சராசரி. அழுத்தமான சிவப்பு ஒன்பதாவது; ஆர்9 என்று பெயர். அதைக் கூட்டலில் சேர்ப்பதே இல்லை! எல்.ஈ.டி. அடிப்படையில் நீல வெளிச்சம். அதன்மேல் மஞ்சள் பொஸ்பர் பூசி வெள்ளையாக்குகிறார்கள். ஆழ்ந்த சிவப்பு அதில் போதாது. மலிவான எல்.ஈ.டி.யில் ஆர்9 மைனஸில்கூடப் போகும். கணக்குப் பாடத்தில் இவர் முட்டை வாங்கியதுண்டு, மைனஸ் வாங்கியதில்லை. இந்த ஒன்பதாவது பாடத்தில் தேறியது என்று பேர்பெற்ற நிச்சியா 519ஏ எல்.ஈ.டி.யை இவர் தமது நாலாவது ரோச்சில் பற்றவைத்திருக்கிறார். நிச்சியா ஜப்பானியக் கம்பனி. நீல எல்.ஈ.டி.யை அங்கே உருவாக்கிய நாகமுரா 2014இல் இன்னும் இருவரோடு நோபல் வாங்கினார். அந்தப் பரிசில் உப்புக்கும் ஒரு பங்கு உண்டு என்பது இவர் எண்ணம்.

அடுத்தது இருட்டு. பார்க்கிங்கில் இருட்டு கிடைக்காது. 1925இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரே வந்து மின்நிலையம் திறந்துவைத்த ஊர். தெருவிளக்குகள் இரவை இரவாக விடுவதில்லை. கொஞ்சமாவது இருண்ட இடம் தேடி, 666இல் தொடங்கிய பழைய கன்னிமடத்தின் இடிபாட்டுப் பக்கம் இவர் ஒருநாள் போனார். எட்டாம் ஹென்றி காலத்தில், 1539இல், மடத்தை மூடிவிட்டார்கள். மிஞ்சிய வாசற்கோபுரத்துக்குப் பெயர் கர்ஃபியூ டவர். கர்ஃபியூ என்றால் பழைய பிரெஞ்சில் நெருப்பை மூடு என்று பொருள். மணி அடித்தால் வீடுகளில் அடுப்பு நெருப்பை மூட வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரருக்கு அந்தச் சொல்லை ஒருவரும் விளக்கத் தேவையில்லை. கோபுரத்தில் ஒருமுறை அடித்துப் பார்த்தார். நாயோடு வந்த ஒருவர் என்ன தொலைந்தது என்று அக்கறையாகக் கேட்டார். உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு, திறப்பு என்றார். அந்த மனிதர் தம் போனை எடுத்து இருபது நிமிடம் கூடவே தேடினார்.

வீட்டில் மாமி வேறு. ரோச் பெட்டியைக் கண்டால் தொண்ணூறுகளுக்குப் போய்விடுவார். 1990இல் சண்டை மறுபடி தொடங்கியபின் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். செத்த பற்றறியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு கிழமை இழுத்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாட, மற்றவர்கள் லண்டனிலிருந்து வந்த பி.பி.சி. தமிழோசை கேட்டார்கள். கழற்றிப் பூட்டுவதென்றால் அதுதான் என்பார் மாமி. உண்மைதான். ஆனால் அந்த ஜாம் போத்தல் விளக்கின் நிறம் எப்படி என்று மாமியிடம் கேட்டுப் பார்த்தால் சரியான பதில் கிடைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கே வருவோம். மச்சானுக்கு விளங்கவைக்க வேறு வழி தெரியாமல் இவர் நாலாம் நம்பரை எடுத்துவந்தார். புகை அலாரம் இரண்டு முறை கத்த மாமி தம் கையால் வறுத்து அரைத்த கறித்தூள் போத்தலைத் திறந்து, ஜன்னல் சீலையை இழுத்து மூடி, அடித்தார். "இப்ப பாருங்கோ மச்சான், உண்மையான நிறம்!"

தூள் செக்கச்செவேல் என்று தெரிந்தது. வறுத்த தூள் அப்படித் தெரியக்கூடாது. மேசையில் ஒரு சத்தமில்லை.

"வறுத்தது காணாதெண்டோ தம்பி சொல்லுறியள்?" என்றார் மாமி.

மச்சான் தம் போனை எடுத்துத் தட்டி, போத்தலுக்குள் பிடித்தார். தூள் நல்ல கோப்பி நிறமாகிவிட்டது. "நல்லாத்தானே வறுபட்டிருக்கு, அம்மா."

மச்சானின் கோப்பையில் இன்னொரு நண்டுக்கால் விழுந்தது.