மஞ்சள் சீட்டு

போன ஞாயிற்றுக்கிழமை என்னை வளர்த்தார்கள். இன்று புதன். இடுப்பு இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு, ஏலம், சுக்கு மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கெழுதுகிறேன். வீடு அக்கரையில், வைப்பின் தீவில். முதலாளியின் மகன் பெங்களூரில் படித்து முடித்துவிட்டு வந்திருக்கிறான். "அங்கிள், நம்ம ஸ்டாஃபுக்கு கிரியேட்டிவ் மைண்ட்செட் வேணும்" என்றான். ஏப்ரலில் நான் கேட்டது சம்பள உயர்வு. கிடைத்தது சுய முன்னேற்றப் பயிற்சி. அதுவும் லீவு நாளில்.

அந்தப் பயிற்சியில் எனக்கு நிஜமாகவே ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் நோட்டுப் புத்தகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை.

பயிற்சியாளர் தம்பி ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார். அட்டையில் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. "தினமும் மூணு பக்கம் எழுதுங்க சார், ஆறு மாசத்துல வேற ஆளா ஆயிடுவீங்க" என்றார். அவருக்கு என் பரணைப் பற்றித் தெரியாது. அங்கே ஒரு தகரப் பெட்டி நிறைய நான் வேற ஆளாக ஆரம்பித்த நோட்டுகள் கிடக்கின்றன.

முதல் நோட்டு 1988. 'உன்னால் முடியும் தம்பி' பார்த்துவிட்டு வந்த கையோடு திருநெல்வேலியில் வாங்கிய எண்பது பக்கம். கமல்ஹாசன் பாத்திரத்துக்கு உதயமூர்த்தி என்று பெயர். இயக்குநர் பாலசந்தர் அதை எழுத்தாளர் எம்.எஸ். உதயமூர்த்தியிடமிருந்து எடுத்தார். நானும் விடாமல் அவருடைய 'எண்ணங்கள்' புத்தகத்தை வாங்கி, அடிக்கோடு போட ஒரு சிவப்புப் பேனாவும் வாங்கினேன். பேனா தீர்ந்துவிட்டது. புத்தகம் பதினேழாம் பக்கத்தில் நிற்கிறது.

நோட்டின் முதல் பக்கம் உங்களுக்கே தெரியும். பிள்ளையார் சுழி. தேதி. கல்யாணப் பத்திரிகைக் கையெழுத்து. 'ஒன்று: காலை ஐந்து மணிக்கு எழுதல்.' எழுதியதோடு சரி, எழவில்லை. இரண்டாம் பக்கத்தில், 'நேற்று விட்டுப்போயிற்று, இன்று முதல்.' மூன்றாம் பக்கம் பென்சிலில்: வேட்டி 4, சட்டை 6, தலையணை உறை 2.

எந்த வருடத்து நோட்டை எடுத்தாலும் மூன்றாம் பக்கத்தில் துணிக் கணக்குதான். இங்கே வந்த பிறகு அது ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்ற பகுதியில் இருக்கும் டோபிகானா கணக்காக மாறியது. (அங்கே வெளுப்பவர்கள் நம்மவர்கள். டச்சுக்காரர்கள் தங்கள் பட்டாளத்துத் துணி வெளுக்கக் கூட்டிவந்த தமிழர்களின் வழிவந்தவர்கள். கொடியில் கிளிப்பே கிடையாது. கயிற்றை முறுக்கி, அந்த முறுக்கில் துணி முனையைச் செருகிவிடுகிறார்கள். எந்தக் காற்றுக்கும் பறக்காது.) சுய முன்னேற்றம் நின்ற இடத்தில் சலவை தொடர்ந்திருக்கிறது.

சில நோட்டில் முதல் பக்கம் கிழிந்திருக்கும். புதிதாக ஆரம்பிப்பதற்காகக் கிழித்தது. அதற்கடுத்த பக்கமும் அப்படியே. இருநூறு பக்க நோட்டு ஒன்று நூற்று எழுபதாகியிருக்கிறது, உள்ளே ஒரு எழுத்து இல்லை. நகைக்கடை டைரி, இன்சூரன்ஸ் டைரி, மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த மாத்திரைப் படம் போட்ட டைரி, எல்லாவற்றிலும் நாலாவது அம்சம் ஒன்றே: 'இங்கிலீஷ் பேசப் பழகுதல்.' 1988இலும் அதுதான், 2019இலும் அதுதான். கொள்கையில் நான் மாறியவன் இல்லை. டிசம்பர் பிறந்தால் வீட்டில் கேட்பாள்: "ஏங்க, இந்த வருஷம் எத்தனை மணிக்கு எந்திரிக்கப் போறீங்க? பால்காரர்ட்ட சொல்லணும்."

இரண்டு வார்த்தை என்றேன். நோட்டு என்றால் எனக்கு இப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். கிடங்குத் தரையில் எங்களைக் குந்தவைத்தார்கள். "நீங்க ஒரு விதை. மெதுவா முளைச்சு, வளர்ந்து, கிளை விரிங்க." கேரல் டுவெக் என்ற அமெரிக்க உளவியலாளர் 2006இல் 'மைண்ட்செட்' என்று ஒரு புத்தகம் எழுதினாராம்; திறமை பிறவியோடு முடிந்துபோவதல்ல, வளர்க்கலாம் என்கிறாராம். இருக்கலாம். ஆனால் சுக்கு மூட்டைகளுக்கு நடுவில் ஐம்பத்து நாலு வயது ஆள் குந்தி முளைக்க வேண்டும் என்று அந்த அம்மாள் எழுதியிருக்க மாட்டார். நான் பாதி முளைத்த நிலையில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

வளர்ச்சி பற்றி வைப்பின்காரனுக்கு வகுப்பெடுப்பதே அதிகம். 1341இல் பெரியாற்று வெள்ளம் முசிறித் துறைமுகத்தை மூடிவிட்டுக் கொச்சிக் கழிமுகத்தைத் திறந்தது. ஆறும் கடலும் கொண்டுவந்து வைத்த மண்தான் எங்கள் தீவு. அந்த வருடத்திலிருந்து புதுவைப்பு என்று ஆண்டுக் கணக்கே வைத்திருந்தார்கள். நம் வைப்பு நிதியில் இருக்கும் அதே வைப்பு. ஒரு நாளும் ஐந்து மணிக்கு எழாமல், மல்லாந்து படுத்தபடியே, சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. நான் அந்தக் கட்சி.

அடுத்து மஞ்சள் சீட்டு. மனதில் தோன்றியதைச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். கிடங்குச் சுவரில் உப்புக்காற்று பட்டுச் சுண்ணாம்பு பொரிந்து நிற்கிறது. சீட்டை ஒட்டினால் சுண்ணாம்போடு கையில் வருகிறது. "சாக்குல ஒட்டுங்க சார், அவுட் ஆஃப் தி பாக்ஸ்!" என்றார் தம்பி. சணல் சாக்கில் பசைச் சீட்டு ஒட்டுமா? பத்து நிமிடத்தில் தரை முழுக்க எங்கள் சிந்தனைகள். ஃபேன் போட்டதும் அவை ஏலக்காய்ப் பக்கம் போய் ஒதுங்கின.

ஒரு காலத்தில் மட்டாஞ்சேரி யூதத் தெருவில் மிளகு முன்பேர வியாபாரம் வாய்க்கூச்சலில் நடந்தது. 1957இல் தொடங்கிய சந்தை அது. கத்திய கத்தில் விலை பிறக்கும். சீட்டு ஒட்டிப் பிறந்த விலை ஒன்று உண்டா?

தம்பி கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சுமடு தூக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பதற்கே வாங்கும் நோக்குகூலியைக் கேரள அரசு 2018 மே 1 முதல் நிறுத்திவிட்டது என்று எங்கள் சுமைதூக்கும் யூனியன்காரர் ஒருவர் என் காதில் சொன்னார். சொல்லிவிட்டு தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ரசீது, லாரி, எடைச்சீட்டு மூன்றையும் சேர்த்த விஷயம். தினம் ஒரு மணி நேரம் மிச்சமாகும். நான் அக்கரைக்குப் போகும் ஐந்தரை மணி ஜங்கார் படகைப் பிடிக்கலாம். சீட்டில் முன்னும் பின்னும் நெருக்கி எழுதினேன். நோட்டில் எழுதியிருக்கலாம்தான். முதல் பக்கமாயிற்றே, நல்ல பேனா இல்லாமல் எப்படி?

சாக்கில் வைத்தேன், விழுந்தது. மறுபடி வைத்தேன், விழுந்தது. "இது ஒட்டூல்லா, அண்ணாச்சி" என்றார் யூனியன்காரர். இடுப்பிலிருந்த கோணி ஊசியை உருவி, சணல் கோத்து, நாலு மூலையிலும் நாலு தையல். மலையே வந்தாலும் பிரியாது. முதலாளி மகன் அதைப் படமெடுத்து, எனக்கு எல்லோரும் கைதட்டும்படி செய்தான்.

திங்கட்கிழமை காலை நான் ஜங்கார் வரிசையில் நின்றிருந்த நேரத்தில் அந்த மூட்டை விருதுநகர் லாரியில் ஏறிவிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். தையல்தான் தெளிவாக விழுந்திருக்கிறது. இரண்டு நாளாக யோசிக்கிறேன். எடைச்சீட்டு வரைக்கும் வருகிறது, அதற்கு மேல் நகரமாட்டேன் என்கிறது. விருதுநகரில் மிளகு மூட்டை பிரிக்கும் அண்ணாச்சிமார் யாராவது இதைப் படித்தால், சீட்டின் பின்பக்கத்தையும் பார்க்கவும்.