எந்த ‘கீ’ங்க?

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களிடம், “இங்கிலீஷிலிருந்து போர்த்துகீசியத்துக்கு மொழிபெயர்க்கிறேன்” என்று சொன்னால் முதலில் புருவம் உயரும். அடுத்த கேள்வி மட்டும் மாறவே மாறாது: “அதெல்லாம் இப்ப கம்ப்யூட்டரே பண்ணிடுதாமே?” கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வந்தவர்கூட இதைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

பண்ணிடும். என்ன பண்ணும் என்பதுதான் விவகாரம்.

எனக்கு வருவது கதையும் காவியமும் இல்லை. செல்போன் செயலி, வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் அடுப்பு இவற்றில் தெரிகிற சொற்கள். ஓர் எக்செல் கோப்பு வரும். இடப்பக்கம் ஆங்கிலச் சொற்கள், வலப்பக்கம் காலி. சொல்லுக்கு முன்னாலும் ஒன்றும் இருக்காது, பின்னாலும் ஒன்றும் இருக்காது. மொட்டையாக ‘கீ’ என்று நிற்கும்.

சாவியா? அப்படியானால் ‘ஷாவி’. நம்முடைய சாவியே போர்த்துகீசியர் விட்டுப்போனதுதான். ஜன்னலும் அலமாரியும் மேசையும் அதே கப்பலில் வந்தவை. கீபோர்டில் தட்டுகிற கீயா? அது ‘தெக்லா’. பரீட்சையின் ஆன்சர் கீயா? பிரேசிலில் அதற்கு ‘கபரித்து’. ‘ஏதாவது ஒரு கீயை அழுத்தவும்’ என்கிற இடத்தில் ஷாவியைப் போட்டுவிட்டால், சொன்ன பேச்சைத் தட்டாத ஏதோ ஒரு பாட்டி கைப்பையைத் துழாவி, வீட்டுச் சாவியை எடுத்துத் திரையில் வைத்து அழுத்துவார்.

‘ப்ளே’ இதைவிட மோசம். ஆங்கிலேயருக்குப் பந்தாடினாலும் ப்ளே, பியானோ வாசித்தாலும் ப்ளே, குழந்தை மண்ணில் புரண்டாலும் ப்ளே. போர்த்துகீசியர் இதில் கறார். கால்பந்து, சீட்டு என்று விதிமுறையோடு ஆடினால் ‘ஜோகார்’. குழந்தை விளையாடினால் ‘பிரிங்கார்’. வாத்தியம் வாசித்தால் ‘தோக்கார்’. மேடை நாடகம் என்றால் ‘பெஸா’. போதாக்குறைக்கு, பிரேசிலில் ‘ஜோகார்’ என்பதற்குத் தூக்கி எறிவது என்றும் பொருள். ‘பாப்பா பியானோ வாசிக்கிறாள்’ என்பதற்கு அவசரத்தில் அதைப் போட்டால், பாப்பா பியானோவையே வீசிவிடுவாள்.

சரி, ஒரு சொல்லைப் பிடித்து எந்தப் பொருள் என்று தீர்மானித்தாயிற்று என்று வையுங்கள். அடுத்த கேள்வி: யாருக்கு? லிஸ்பனுக்கா, ரியோவுக்கா? 1990இல் போர்த்துகீசிய நாடுகள் கூடி எழுத்துக்கூட்டலை ஒன்றாக்க ஒப்பந்தம் போட்டன. எழுத்துதான் ஓரளவு ஒத்துப்போனது, சொற்கள் தத்தம் வீட்டிலேயே தங்கிவிட்டன. பஸ் லிஸ்பனில் ‘அவுத்தோகாரு’, ரியோவில் ‘ஓனிபஸ்’. ரயில் லிஸ்பனில் ‘கொம்போயு’, ரியோவில் ‘த்ரெய்ன்’. இதெல்லாம் போகட்டும், மனப்பாடம் செய்துவிடலாம். ‘ஃபீஸ்’ வரும்போதுதான் வியர்க்கும்.

வக்கீலுக்குக் கொடுக்கிற ஃபீஸுக்கு ஒரு சொல், அரசாங்கத்துக்குக் கட்டுவதற்கு வேறொன்று. கல்லூரி ஃபீஸுக்குப் போர்த்துகலில் ‘ப்ரொப்பினா’ என்று பெயர். அதே ப்ரொப்பினா பிரேசிலில் லஞ்சம்! ‘ப்ரொப்பினா கட்டக் கடைசி நாள்’ என்று போர்த்துகல் கல்லூரி அறிவிப்புப் பலகையில் பார்க்கிற பிரேசில் பையன், “பரவாயில்லையே, இங்கே கெடு வைத்து வெளிப்படையாகவே வாங்குகிறார்கள்” என்று வியக்கலாம். எல்லையைத் தாண்டி ஸ்பெயினுக்குள் நுழைந்தால் அது ஓட்டல் சர்வருக்குக் கொடுக்கிற டிப்ஸ். கல்லூரிக் கட்டணம், லஞ்சம், டிப்ஸ் மூன்றுக்கும் ஒரே சொல் என்றால் நம்மூர்ப் பெற்றோர் யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை.

ஆங்கிலம் தெரிந்தவர்களைக் கவிழ்ப்பதற்கென்றே சில சொற்களும் உண்டு. லிஸ்பன் கடைக் கதவில் எழுதியிருப்பதை வாசித்தால் அச்சாக ‘புஷ்’ என்றே கேட்கும். அர்த்தமோ ‘இழு’. வெளியூர்க்காரர் தோளைக் கொடுத்துத் தள்ளுவார், கதவு அசையாது. உள்ளே இருக்கிறவர்கள் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவர்கள். காப்பியிலிருந்து தலையைத் தூக்கக்கூட மாட்டார்கள்.

அகராதி கையில் இருந்தால் போதுமே என்பவர்களுக்கு, பெத்ரோ கரோலினோவை அறிமுகப்படுத்துகிறேன். போர்த்துகீசியருக்கு ஆங்கிலம் கற்றுத்தர 1855இல் வெளியான கையேட்டை எழுதியவர். ஆங்கிலம்தான் அவருக்கு வராது. பிரெஞ்சு உரையாடல்களை வைத்துக்கொண்டு, பிரெஞ்சு-ஆங்கில அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் போட்டிருக்கிறார் என்பது ஆராய்ந்தவர்கள் கருத்து. வாசலில் நெடுநேரம் காத்துக் கிடப்பதைக் குறிக்கும் ஒரு பிரெஞ்சு மரபுத்தொடர், அவர் கையில் குரங்கைக் கடித்து மெல்லுவதாக மாறிப்போனது. 1883இல் அதன் அமெரிக்கப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் மார்க் ட்வெய்ன். சிரித்துச் சிரித்துத்தான் எழுதினார். அகராதி எல்லாப் பொருளையும் சொல்லும். இந்த இடத்துக்கு எது என்று மட்டும் சொல்லாது.

ஆகவே நான் கேட்டுவிடுவது வழக்கம். ஒரு கம்பெனிக்கு எழுதினேன்: “உங்கள் பட்டியலில் இருப்பது எந்த ‘கீ’ங்க?” பதில் உடனே வந்தது: “எல்லா இடத்துக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்று போட்டுவிடுங்கள்.” அடைப்புக்குறிக்குள் ‘அவசரம்’ என்றும் இருந்தது. சாவியாகவும் விசையாகவும் விடைக்குறிப்பாகவும் ஒரே நேரத்தில் இருக்கிற பொருளை அவர்கள் எங்காவது பார்த்திருந்தால் எனக்கும் ஒன்று வாங்கி அனுப்பலாம்.

கம்ப்யூட்டரைக் குறை சொல்லவில்லை. முழு வாக்கியத்தைக் கொடுத்தால் இன்றைக்கு அது நன்றாகவே மொழிபெயர்க்கிறது. ஒற்றைச் சொல்லைக் கொடுத்தால் அதுவும் என்னைப் போலத்தான் முழிக்கிறது. முழிப்பதை வெளியே காட்டிக்கொள்ளாததுதான் அதன் சாமர்த்தியம்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த மொழிக்காவது யாரிடமாவது மொழிபெயர்க்கக் கொடுத்தால், சொல்லோடு அது இருந்த வாக்கியத்தையும் சேர்த்து அனுப்புங்கள். முடிந்தால் திரையின் ஒரு படமும். கூடுதல் ஃபீஸ் கேட்க மாட்டோம். எந்த நாட்டு அர்த்தத்திலும்.