குளிரை ஒழிக்க 80,000 டாலர்

கிரீன் பே ஊர்க்காரர்களுக்கு எப்போதுமே ஒரு வீறாப்பு உண்டு. "டிசம்பர் கடைசியில எங்க ஊருக்கு வந்து ஆடிப் பாரு, அப்புறம் பேசு."

அமெரிக்காவின் வட கோடியில், விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிற ஊர் அது. 1960களில் மக்கள்தொகை ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. நியூயார்க், சிகாகோ, டல்லாஸ் போன்ற பெரிய தலைக்கட்டுகள் மோதும் அமெரிக்கக் கால்பந்து லீகில் இந்த ஊருக்கும் ஓர் அணி இருக்கிறது என்பதே அதிசயம்தான். மற்ற ஊர்க்காரர்கள் கரடி, சிங்கம், கழுகு என்று உறுமிக்கொண்டிருக்க, இவர்கள் அணிக்குப் 'பேக்கர்ஸ்' என்று பெயர். 1919இல் கர்லி லாம்போ என்ற இளைஞர் அணி தொடங்கியபோது ஜெர்சி வாங்கக் காசு கொடுத்தது அவர் வேலை பார்த்த கறி டப்பா கம்பெனி. நன்றி மறக்காத ஊர், கம்பெனி போன பிறகும் பெயரை வைத்துக்கொண்டது.

அணிக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. ஊர் மக்களே பங்குதாரர்கள். டிவிடெண்ட் ஒரு பைசா வராது. பங்குப் பத்திரத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிக்கொள்ளலாம், தோற்கும்போதெல்லாம் "என் டீம்" என்று உரிமையோடு திட்டலாம். லாபம் அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஊருக்கு 1967 டிசம்பர் 31, ஞாயிற்றுக்கிழமை, லீகின் இறுதிப் போட்டி வந்து சேர்ந்தது. எதிரணி டல்லாஸ் கவ்பாய்ஸ். அதே வருடம் ஜனவரி 1ஆம் தேதி, முந்தைய சீசனின் இறுதிப் போட்டியும் இதே இரண்டு அணிகளுக்குள்தான் நடந்திருந்தது. டல்லாஸ் மைதானத்தில் பேக்கர்ஸ் 34-27 என்று ஜெயித்தார்கள். வருடத்தின் முதல் நாள் வாங்கிய அடிக்கு வருடத்தின் கடைசி நாள் பதில் சொல்ல டெக்சாஸ்காரர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். வெயிலில் காய்ந்த உடம்பு. உள்ளூர் ரசிகர்களுக்குக் கேட்க வேண்டுமா? அந்த வாரம் முழுக்க அவர்கள் பார்த்தது பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை அல்ல, வாசலில் தொங்கிய தெர்மாமீட்டரை.

இங்கேதான் வில்லன் நுழைகிறார். டல்லாஸிலிருந்து அல்ல, உள்ளூரிலிருந்தே. பேர், வின்ஸ் லொம்பார்டி. பேக்கர்ஸ் அணியின் கோச், மேனேஜர், அறிவிக்கப்படாத பேரரசர். தினமும் சர்ச்சுக்குப் போகிற பக்திமான். ஆடுகளத்தில் அவர் கத்தினால் தடித்தடியான ஆட்களெல்லாம் பள்ளிப் பிள்ளை மாதிரி நெளிவார்கள். ஊர் குளிரைத் தங்கள் அணியின் பன்னிரண்டாவது ஆட்டக்காரனாக நினைத்துக்கொண்டிருக்க, இவருக்கு அது பிடிக்கவில்லை. உறைந்த தரையில் ஆடினால் திறமையா ஜெயிக்கும், சறுக்கல்தானே ஜெயிக்கும் என்பது அவர் வாதம். ஆகவே அந்த வருடம் 80,000 டாலர் செலவில் அணியின் மைதானமான லாம்போ ஃபீல்டின் புல்லுக்கு அடியில் மின்கம்பிகளைப் புதைத்தார். சுவிட்சைப் போட்டால் தரை சூடாகும், பனி உருகும், மண் மெத்தென்று இருக்கும். எலெக்ட்ரிக் கம்பளியைக் கட்டிலில் விரிக்காமல் காணி நிலத்துக்கு அடியில் விரித்த மாதிரி.

இதை விற்றவர் யார் தெரியுமா? ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் விற்பனை அதிகாரி. பேக்கர்ஸின் பரம வைரியான சிகாகோ பேர்ஸ் அணியின் ஜார்ஜ் ஹாலஸுக்கு உடன்பிறந்தவர் மகன் முறை. எதிரி வீட்டுப் பிள்ளை நேராக வந்து, "உங்க ஊர்க் குளிரை நான் ஒழிச்சுத் தரேன்" என்கிறான். லொம்பார்டி செக் எழுதிக் கொடுக்கிறார். அந்தக் காலத்து ரசிகர்களுக்கு மகாபாரதம் தெரிந்திருந்தால் சகுனி என்று ஒரு பேனர் கட்டியிருப்பார்கள்.

சனிக்கிழமை. வானம் தெளிவு. குளிர் இருந்தது, ஆனால் அந்த ஊர்க் கணக்குக்கு அது குளிரே இல்லை. கவ்பாய்ஸ் வந்து பயிற்சி எடுத்துப் பார்த்தார்கள். தரை நன்றாகவே இருக்கிறதே! லொம்பார்டி, வந்திருந்த பத்திரிகைக்காரர்களைக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்துப்போய்த் தன் மின்கம்பி மகிமையைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார். புது கிரைண்டர் வாங்கியவர் வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் முதலில் சமையலறைக்குள் கூட்டிப்போவார் பாருங்கள், அந்த முகம். ரசிகர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும். வருடமெல்லாம் மூக்கு ஒழுகி, காரைத் தோண்டி எடுத்து, வாசலில் பனி அள்ளி வளர்த்த குளிர், தேவைப்படுகிற ஒரு நாளில் லீவு போட்டுவிட்டதே!

ராத்திரியோடு ராத்திரியாகக் கனடாப் பக்கமிருந்து ஆர்க்டிக் காற்று இறங்கியது.

பக்கத்து ஊரான ஆப்பிள்டனில் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்த கவ்பாய்ஸ் வீரர்களை எழுப்ப, காலையில் அறைக்கு அறை டெலிபோன் அடித்தது. ஆபரேட்டர் பெண் மணி சொன்னாள், வணக்கம் சொன்னாள், கூடவே வெப்பநிலையையும் சொன்னாள். பூஜ்யத்துக்குக் கீழே இரட்டை இலக்கம், ஃபாரன்ஹீட்டில். தூக்கக் கலக்கம் என்று நினைத்தவர்கள் ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துத் தெளிந்தார்கள்.

உள்ளூர் வீரர்கள் மட்டும் வாழ்ந்தார்களா என்ன? பேக்கர்ஸின் வில்லி வுட் கிளம்பப் பார்த்தபோது கார் கிளம்பவில்லை. பேட்டரி செத்துக் கிடந்தது. உதவிக்கு வந்த பெட்ரோல் பங்க் ஆளிடம் அவர் சொன்னது, இந்தக் குளிரில் யாரும் ஆட மாட்டார்கள், ஆட்டத்தை ரத்து செய்துவிடுவார்கள் என்பதுதான். வீரனுக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் அதே நேரத்தில் ஊரில் ஐம்பதாயிரம் பேர் ஒரு காலில் மூன்று சாக்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. வீட்டில் சோபாவில் சாய்ந்து டிவியில் பார்க்கலாமே என்பீர்கள். முடியாது. ஓர் அணி சொந்த ஊரில் ஆடும் ஆட்டத்தை அந்த ஊர் டிவியில் காட்டக் கூடாது என்பது அன்றைய லீகின் விதி. எல்லா டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்தாலும் காட்ட மாட்டார்கள். 1973இல்தான் அது தளர்ந்தது. அதாவது கலிபோர்னியாவில் ஒருவன் பனியனோடு உட்கார்ந்து பார்க்கலாம், மைதானத்துக்கு எதிர்வீட்டுக்காரன் பார்க்க முடியாது. அப்புறம் வராமல் என்ன செய்வார்கள்?

வந்தார்கள். மான் வேட்டைக்குப் போகிற தடித்த கோட்டு, அதற்குள் ஸ்வெட்டர், அதற்குள் இன்னொரு ஸ்வெட்டர், அதற்குள் உடலோடு ஒட்டிய நீள உள்ளாடை. காலுக்கு அடியில் போட அட்டைப் பெட்டிக் கிழிசல். சிலர் தூங்கும் பையையே கொண்டுவந்து அதற்குள் இறங்கி நின்றார்கள். மார்கழியில் இருபது டிகிரிக்கே மங்கி கேப் மாட்டுகிற நம்மவர்கள் யாரும் அங்கே இல்லை என்பது நல்லதாயிற்று. பாக்கெட்டில் பிராந்தி. விஸ்கான்சின்காரர்களுக்குப் பிராந்திமேல் தனிப் பாசம். பீர் உறையும், பிராந்தி லேசில் உறையாது என்ற விஞ்ஞான ஞானமும் அதில் அடக்கம். ஆட்டம் தொடங்கும்போது ஃபாரன்ஹீட்டில் மைனஸ் 13. நம் கணக்கில் மைனஸ் 25. 50,861 பேர் விட்ட மூச்சு ஆவியாகி, மைதானத்துக்கு மேலே தனி மேகமாக நின்றது.

சரி, 80,000 டாலர் கம்பி என்ன ஆயிற்று? ராத்திரி தரையின்மேல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அடியில் சூடு, மேலே மூடி. இட்லிக் கொப்பரைத் தத்துவம்தான்: ஆவி கிளம்பி, தார்ப்பாயில் முட்டி, நீராகப் புல்லின்மேல் இறங்கியது. காலையில் தார்ப்பாயைச் சுருட்டினார்களோ இல்லையோ, அந்த ஈரம் அப்படியே கண்ணாடியாக உறைந்தது. சும்மா விட்டிருந்தால் இறுகிய மண்ணாக மட்டும் இருந்திருக்கும். காசு கொடுத்து அதன்மேல் பாலிஷ் போட்டாயிற்று. லொம்பார்டி வேண்டுமென்றே சுவிட்சை அணைத்துவிட்டார் என்று டல்லாஸ்காரர்களில் சிலர் கடைசிவரை சந்தேகப்பட்டார்கள். அவர் முகத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்த மனிதருக்குத் தோற்பதைவிடக் கொடுமை, பீற்றிக்கொண்ட மறுநாளே மிஷின் காலை வாருவது.

இடைவேளைக்கு வாசிக்க ஒரு கல்லூரி பேண்டு வந்திருந்தது. பித்தளை வாத்தியங்கள் உதட்டோடு ஒட்டிக்கொண்டன. ஏழு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், கச்சேரி ரத்து. முதல் விசிலை ஊதிய நடுவருக்கு உலோக விசில் உதட்டில் ஒட்டி, பிய்த்தபோது தோலும் கூடவே வந்தது. அதற்குப் பிறகு ஆட்டம் முழுக்க நடுவர்கள் வாயாலேயே கத்தி ஆட்டத்தை நிறுத்தினார்கள். டிவி வர்ணனையில் இருந்த ஃபிராங்க் கிஃபோர்ட், கோப்பையிலிருந்த காப்பியை இனி கடித்துத்தான் சாப்பிட வேண்டும் என்றார். பார்வையாளர்களில் முதியவர் ஒருவர் குளிரில் இறந்தும் போனார். இந்தக் கதையை எவ்வளவு சிரித்துச் சொன்னாலும் அந்த இடத்தில் கொஞ்சம் குரல் இறங்கத்தான் செய்யும்.

கையுறை விவகாரம் தனிக் கூத்து. லொம்பார்டிக்குக் கையுறை போட்டு ஆடுவது பிடிக்காது. டேவ் ராபின்சன் என்ற கறுப்பின வீரர், சாமான் அறைக்காரரிடம் பழுப்பு நிறக் கையுறை கேட்டு வாங்கிக்கொண்டார். தன் கையின் நிறத்திலேயே இருந்தால் கிழவருக்கு வித்தியாசம் தெரியாது என்பது கணக்கு. தெரியவும் இல்லை. எதிர்ப்பக்கம் பாப் ஹேய்ஸ். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் தங்கம் வென்ற, உலகத்திலேயே வேகமான கால்கள். பாவம், கைகள் அப்படி இல்லை. பந்து தன் பக்கம் வராது என்று தெரிந்த நகர்வுகளில் இரண்டு கையையும் கால்சட்டைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். பந்து வரப்போகிறது என்றால் மட்டும் வெளியே எடுத்தார். டல்லாஸ் வாரக்கணக்கில் ரகசியமாக வகுத்த வியூகத்தை அந்தக் கால்சட்டை ஊருக்கே ஒலிபரப்பிக்கொண்டிருந்தது.

இத்தனைக்குப் பிறகும் டல்லாஸ் கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டது என்பதுதான் உள்ளூர்க்காரர்கள் கதை சொல்லும்போது நைசாகத் தாண்டிப் போகிற இடம். பேக்கர்ஸ் முதலில் 14-0 என்று முன்னேறினார்கள். குளிர் தங்கள் பக்கம் என்று ரசிகர்கள் ஆர்ப்பரித்து முடிப்பதற்குள் அதே குளிர் பேக்கர்ஸ் கையிலிருந்து பந்தை நழுவவிட்டது, ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. இரண்டுக்கும் டல்லாஸ் புள்ளி எடுத்தது. இடைவேளையில் 14-10. நான்காவது பகுதியின் முதல் நகர்விலேயே டான் ரீவ்ஸ் எறிந்த ஐம்பது கஜப் பந்தில் டல்லாஸ் 17-14 என்று முந்தியது. வெயில் ஊர்க்காரன் முன்னால், பனி ஊர்க்காரன் பின்னால். கேலரிக்குள் பிராந்தி வேகமாகக் கைமாறியிருக்கும்.

ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். பேக்கர்ஸ் தாண்ட வேண்டியது 68 கஜம். குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் கொஞ்சம் கொஞ்சமாக அணியை நகர்த்திக்கொண்டு எதிரணியின் கோட்டு வாசல்வரை வந்துவிட்டார். அந்தத் தெற்குக் கோடிதான் மைதானத்திலேயே மோசமான இடம்; ஸ்கோர்போர்டு நிழலில் வெயிலே படாத பனிக்கட்டி. பந்தை வாங்கி ஓடியவர் அடுத்தடுத்து இரண்டு முறை சறுக்கினார். 16 வினாடி. கடைசி டைம்-அவுட். ஸ்டார் ஓரக் கோடுவரை போய் லொம்பார்டியிடம், பந்தோடு ஓடுகிறவர்களால் கால் ஊன்ற முடியவில்லை, நானே கொண்டு போகிறேன் என்றார். லொம்பார்டி சொன்ன பதில் பிரசித்தம்: போட்டுத் தொலை, இடத்தைக் காலி பண்ணலாம் என்ற தொனியில். சமன் செய்யும் மூன்று புள்ளி கையருகே இருந்தது, அதை விட்டார். தவறியிருந்தால் நேரம் முடிந்திருக்கும், வரலாறு அவரை முட்டாள் என்று எழுதியிருக்கும். கூடுதல் நேரம் ஆடினால் மேலே உட்கார்ந்திருக்கும் சனங்கள் தாங்க மாட்டார்கள் என்றுதான் துணிந்தேன் என்று பிறகு சொன்னார். தரைக்கடியில் 80,000 டாலர் புதைத்தவர் ரசிகர்களுக்குக் காட்டிய கரிசனம் அது.

ஜெரி கிரேமரும் கென் போமனும் ஜெத்ரோ பியூவை நெட்டித் தள்ள, ஸ்டார் பந்தோடு கோட்டுக்குள் விழுந்தார். 21-17. அந்தக் கணத்தைப் பிடித்த புகைப்படத்தில் பின்னால் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கியபடி ஒருவர் பாய்கிறார்: சக் மெர்சீன். வெற்றிக் களிப்பு என்று உலகம் நினைத்துக்கொண்டது. உண்மையில் பந்து தனக்கு வரும் என்று நம்பி ஓடியவர். வராததால், நான் ஸ்டாரைப் பின்னாலிருந்து தள்ளவில்லை ஐயா என்று நடுவருக்குக் கை தூக்கிக் காட்டினார். ரசிகர்கள் இறங்கி வந்து கோல் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அத்தனை விறைத்த விரல்களில் அந்தத் தெம்பு எங்கிருந்து வந்ததோ.

இரண்டு வாரம் கழித்து மியாமியில், இதமான காற்றில், போட்டி லீகின் சாம்பியனோடு மோதும் இரண்டாவது சூப்பர் பவுலையும் பேக்கர்ஸ் 33-14 என்று ஜெயித்தார்கள். அதைப் பற்றி ஊர்க்காரர்களிடம் கேட்டால் ஒற்றை வரியில் முடித்துவிட்டு மறுபடியும் மைனஸ் 25க்கே வந்துவிடுவார்கள். அன்று மைதானத்தில் இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்களையெல்லாம் கூட்டினால் இன்னும் நாலு ஸ்டேடியம் கட்ட வேண்டும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் ரசிகர்களுக்குக் குளிர் கேட்டுத்தான் வேண்டுதல். கடவுளும் சிலமுறை கேட்டுக்கொண்டார். 2003 ஜனவரியில் பனி தூவிய மாலையில், கூரை போட்ட மைதானத்தில் ஆடிப் பழகிய அட்லாண்டா வந்து 27-7 என்று அடித்துவிட்டுப் போனது. சொந்த மண்ணில் பிளேஆஃப் ஆட்டத்தில் பேக்கர்ஸ் தோற்றது அதுதான் முதல் தடவை. 2008 ஜனவரியில் கேட்டதைவிடக் கூடுதலாகவே கிடைத்தது: மைனஸ் 18. எதிரே நியூயார்க் ஜயன்ட்ஸ். அவர்கள் கோச் டாம் காஃப்லினின் கன்னம் வெந்த பீட்ரூட் நிறத்துக்குப் போனதைப் பார்த்து ஊரே குதூகலித்தது. அவர்களுடைய கிக்கர் லாரன்ஸ் டைன்ஸ் நான்காவது பகுதியில் இரண்டு உதை தவறவிட்டபோது, குளிர் ஒருவழியாக விசுவாசத்தைக் காட்டிவிட்டது என்றே நினைத்தார்கள். கூடுதல் நேரத்தில் பிரெட் ஃபாவ்ர் எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொண்டது. டைன்ஸ் மூன்றாவது முறையாக வந்தார், 47 கஜத்திலிருந்து உதைத்தார், உள்ளே போனது. 23-20. சக வீரர்கள் கட்டிப்பிடிக்கத் துரத்தினார்கள். அவர் நிற்கவே இல்லை. திரும்பிப் பார்க்காமல் நேராக ஹீட்டர் இருக்கும் டிரெஸ்ஸிங் ரூமுக்கு ஓடிவிட்டார்.