பத்திரம் சார்

"தம்பி, ஒண்ணுகூட விட்டுப்போகக் கூடாது."

சென்னை ரிச்சி தெருவில் லேப்டாப் பழுது பார்க்கும் பையன்களுக்கு இந்த வசனம் மனப்பாடம். சொல்பவரின் தோளில் ஒரு பை தொங்கும். அதற்குள் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கண் திறக்காத லேப்டாப் ஒன்று கிடக்கும். அவருக்குப் பத்திரம் சார் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார்.

பத்திரம் சாரின் டெஸ்க்டாப்பில் வால்பேப்பராக ஏழுமலையான் உண்டு. ஆனால் ஐகான் நெரிசலில் கிரீடம் மட்டும்தான் தரிசனம். 'முக்கியம்', 'மிக முக்கியம்', 'முக்கியம் கடைசி', 'முக்கியம் கடைசி புதுசு' என்று ஃபோல்டர்கள் வரிசை கட்டும். உள்ளே மகள் கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு ஸ்கேன், கட்டி முடித்த கரண்ட் பில், வாட்ஸ்அப்பில் வந்த தாமரைப்பூ காலை வணக்கங்கள்.

"பேக்கப் எடுத்திருக்கீங்களா சார்?"

"எடுக்காம இருப்பேனா?" சட்டைப் பையிலிருந்து பென் டிரைவ் வெளிவரும். செருகிப் பார்த்தால் அத்தனையும் மூலையில் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்கள். ஒவ்வொன்றும் ஓரிரு கே.பி. வீட்டை விட்டுவிட்டு விலாசத்தை மட்டும் மூட்டை கட்டியிருக்கிறார்.

பையன் பதறுவதில்லை. மதர்போர்டு போனால் ஹார்ட் டிஸ்க்கும் போனதாக அர்த்தமில்லை. அடிமூடியின் திருகுகளைக் கழற்றி, இரண்டரை அங்குல டிஸ்க்கை உருவி, சாட்டா–யு.எஸ்.பி. கேபிளில் மாட்டிப் புது லேப்டாப்பில் செருகினால் பழைய ஃபோல்டர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கின்றன. ஒரு நொடி முன்பு வரை அழுகிற நிலையில் இருந்த சார் உடனே நிமிர்கிறார். "இவ்வளவுதானா? இதுக்கா அவ்வளவு காசு சொன்னே?"

அவருடைய சகலைக்கு இந்தக் கொடுப்பினைகூட இல்லை. அவருடைய லேப்டாப்பில் பிட்லாக்கர் பூட்டு. டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அவரும் அதை போட்டோ எடுத்துப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார், அதே டிஸ்க்குக்குள்.

காப்பி ஆரம்பமாகிறது. சார் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரைமுன் உட்கார்ந்துவிடுகிறார். பன்னிரண்டு நிமிடம் என்கிறது திரை. சற்று நேரத்தில் மூன்று மணி நேரம் என்கிறது. பெரிய சினிமா ஃபைல் ஒன்று மளமளவென்று போய்விடும். ஆயிரக்கணக்கான குட்டித் தாமரைகள்தான் நேரத்தைத் தின்னும். ஒவ்வொரு ஃபைலுக்கும் தனியாக இடம் பிடித்து, தனியாகப் பெயர் பதிய வேண்டுமே! சாருக்கோ பையன் மேல்தான் சந்தேகம்.

"டீ சாப்பிட்டுட்டு வாங்க சார்."

"நான் எழுந்தா நின்னுடும் தம்பி."

வீட்டுக்கு வந்ததும் புகார்கள். ஐகான்கள் இடம் மாறிவிட்டன. "வலது மூலையில இருந்ததை எவன் இடது பக்கம் வெச்சான்?" மேட்டர் டைப் பண்ணும் சாஃப்ட்வேரைக் காணோம். புரோகிராம்கள் காப்பியில் வராது, புதிதாக இன்ஸ்டால் செய்யவேண்டும் என்றால் அவர் நம்பமாட்டார். கல்யாணப் பத்திரிகையைத் திறந்தாரோ இல்லையோ, "வைரஸ்!" என்று அலறினார். மாப்பிள்ளையின் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நெளிகிறது. யூனிகோடு பரவும் முன்பு வந்த பாமினி போன்ற ஃபான்ட்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைப் பொருத்தி வைத்தவை. புது லேப்டாப்பில் அந்த ஃபான்ட் இல்லை, அவ்வளவுதான். சாரின் அக்கா மகன் வந்து அதை இன்ஸ்டால் செய்ததும் மாப்பிள்ளை சுயரூபம் பெற்றார்.

அந்த அக்கா மகன்தான் வந்தது வந்தோம் என்று ஃபோல்டர்களைக் கிளறினான். 'பழைய லேப்டாப்' என்று ஒன்று. அதற்குள் 'பழைய கம்ப்யூட்டர்'. அதற்குள் 'ஆபீஸ் சி டிரைவ்'. அதற்குள், சார் வேலைக்குச் சேருமுன் அனுப்பிய பயோடேட்டா. அவர் ரிட்டயராகிப் பென்ஷன் வாங்குகிறார்.

"இதையெல்லாம் அழிச்சிடலாமா மாமா?"

"இருக்கட்டும்டா. சோறா கேக்குது?"

அவன் தலையில் அடித்துக்கொண்டு, ஒரு டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்க வைத்தான். இனி எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அடுத்த வாரமே போன் வந்தது.

"பேக்கப் முடிச்சுட்டேன்டா. ஒண்ணு விடலை."

"நல்லது மாமா. லேப்டாப்ல இருக்கிறது அப்படியே இருக்கட்டும்."

"அதுல எதுக்கு? கட் பண்ணித்தானே பேஸ்ட் பண்ணினேன். ஒரே சாமானை ரெண்டு இடத்துல வெச்சுக்கிட்டு யாரு காவல் காக்கிறது?"